பெட்டியில் காது வைப்பவள்

என் அக்கா ஒரு பெட்டியில் காதை வைத்துவிட்டால் கிடங்கில் யாரும் மூச்சுவிடக் கூடாது. சுவரில் ஓடும் இரண்டு ஃபேன்களையும் நிறுத்த வேண்டும். டேப் ஒட்டுகிறவர்கள் டேப்பைக் கீழே வைக்க வேண்டும். மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தால், "அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். அவரும் வைத்துவிடுவார், பாவம். பெயருக்குத்தான் அவர் மேனேஜர், கிடங்கில் சட்டம் போடுவது அக்காதான்.

வெளிநாட்டுக்குப் போகிற இசைக்கருவிகளைப் பெட்டி கட்டி அனுப்புவது எங்கள் கம்பெனியின் தொழில். வயலின், கிதார், செல்லோ, எப்போதாவது ஒரு பியானோ. அக்கா கருவிகளைப் பொதிகிறவள். நான் அவளுக்கு ஆறு வயது இளையவள். அதே கிடங்கின் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்து தாள் வேலை பார்க்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது, எந்த மரத்தில் செய்தது, அதில் தந்தம் ஏதும் இருக்கிறதா, பெட்டிப் பலகையைச் சூடு காட்டிப் பூச்சி போக்கி முத்திரை குத்தியாயிற்றா என்று ஒரு பெட்டிக்குப் பதினோரு தாள். இருபத்திரண்டு வருஷமாக எழுதி எழுதி வலது தோள்பட்டை போயே போய்விட்டது. காலையில் எழுந்திருக்கும்போதே களைப்பாக இருக்கிறது. லீவு போட்டால் அதைவிடக் களைப்பாக இருக்கிறது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது, எல்லோருக்கும் அவரவர் தோள்பட்டை.

அக்காவுக்குக் கிடங்கில் டாக்டரம்மா என்று பெயர். நோயாளியின் நெஞ்சில் காது வைப்பதுபோல வைக்கிறாளாம். இந்தப் பெயரை வைத்தவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவனுக்கு நாங்கள் பைலட் என்று பெயர் வைத்தோம், சரிக்குச் சரியாகிவிட்டது. என்னை எல்லோரும் சின்னக்கா என்பார்கள். தலை பாதி நரைத்த பிறகும் சின்னக்காதான்.

அந்தக் காது வைக்கும் பழக்கம் வந்ததற்கு ஒரு வயலின் காரணம். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், வில்லுக்குத் தேய்க்கிற ரோசின் கட்டி ஒன்றை உறைக்குள்ளேயே சும்மா விட்டுவிட்டாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற கட்டிதான். ஆனால் கப்பலில் முப்பத்தைந்து நாள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அது அங்கேயும் இங்கேயும் ஓடி வயலினை இடித்துக்கொண்டே போயிருக்கிறது. போய்ச் சேர்ந்தபோது மேல் பலகையில் மூன்று இடத்தில் மரம் பெயர்ந்திருந்தது. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஒரு பெட்டியையும் கேட்காமல் அனுப்பியதில்லை. இரண்டு பேர் பெட்டியை நாலு பக்கமும் சாய்க்க வேண்டும், அவள் முட்டி போட்டுக் காதை ஒட்டிக் கேட்பாள். குண்டூசி அசைந்தாலும், "திற!" என்பாள். எதுவும் அசையாவிட்டால்தான், "ஆணி அடி."

"என்னிக்கு எனக்கு ஒரு சத்தம் தப்பிப் போகுதோ, அன்னிக்கு நானே சுத்தியலைக் கீழ வெச்சிட்டு வீட்டுக்குப் போயிருவேன்" என்று ஊர் கேட்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். வாய்க்கொழுப்புதான். ஆனால் சொன்னால் செய்துவிடுகிற ஜாதி அவள். அவள் கணவர் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. எனக்கோ கல்யாணம் என்ற ஒன்று நடக்கவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு வாழ்கிறோம். அந்தப் பெட்டிகளை விட்டால் அவளுக்கு நான்தான் மிச்சம். நான் மட்டும் போதுமா என்று கேட்டுக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வீட்டில் டிவி சத்தம் ஏற ஆரம்பித்தது. பிறகு குழாயைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோனாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் எனக்குப் படுக்கையிலிருந்தே கேட்கும், பக்கத்தில் நிற்கிற அவளுக்குக் கேட்காது. நான் ஏதாவது சொன்னால், "வாய்க்குள்ளயே முணுமுணுக்காத, தெளிவாப் பேசு" என்று எரிந்து விழுவாள். நான் தெளிவாகத்தான் பேசினேன். காது டாக்டரிடம் போகலாம் என்று ஒரே ஒரு முறை சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சரி, எக்கேடு கெட்டும் போ என்று விட்டுவிட்டேன். பொய், விடவில்லை. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் கிடங்கில் அவளுக்கு ஒன்றும் தப்பவில்லை. அதுதான் எனக்குப் புரியாத அதிசயம். கிதார் உறைக்குள் கழன்று கிடந்த ஒரு திருகாணியை அந்த நாட்களில்தான் பிடித்தாள். வயலின் ஒன்றில் உதிர்ந்த பித்தளைக் கொக்கியைப் பிடித்தாள். கூடவே ஒரு புதுச் சட்டமும் போட்டாள். அவள் காது வைக்கும்போது சும்மா அமைதியாக இருந்தால் மட்டும் போதாது, எல்லோரும் பக்கத்தில் வந்து பெட்டியைச் சுற்றி நிற்க வேண்டும். "உங்க வேலை எப்படி இருக்குன்னு நீங்களும் பாருங்க." நானும் தாள்களைப் போட்டுவிட்டு எழுந்து போக வேண்டும். முழங்கால் வலியோடு ஒரு நாளைக்கு ஆறு முறை, ஏழு முறை. வயசாக வயசாக இவளுக்குத் திமிர் ஏறுகிறது என்று மனசுக்குள் வைதுகொண்டே போய் நிற்பேன்.

நாலு மாசத்துக்கு முன்பு, பைலட் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்திப் பேசினான். அவன் குரலைத் தாழ்த்தினாலே பாதிக் கிடங்குக்குக் கேட்கும்.

"சின்னக்கா, டாக்டரம்மாவுக்குக் காது கேக்கல."

"உளறாத."

"முதுகுக்குப் பின்னாடி நின்னு ஹாரன் அடிச்சேன். மூணு தடவ. திரும்பவே இல்ல. கார்ப்பென்டர் அண்ணனும் பாத்தாரு."

கார்ப்பென்டர் பெட்டிகளைச் செய்கிறவர், குறைவாகப் பேசுகிற பெரிய உருவம். அவர் வந்து பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். அப்படியென்றால் அந்தத் திருகாணியை எப்படிப் பிடித்தாள் என்று கேட்டேன்.

"கைல தெரிஞ்சிருக்கும். பலகை அதிருமில்ல" என்றார் கார்ப்பென்டர். "ஆனா எல்லா நேரமும் கை காப்பாத்தாது. நாம ஒரு பார்வை பாத்துக்குவோம். அவங்க மனசு மட்டும் நோகக் கூடாது."

மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டே பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மற்றவர்களுக்கும் சொல்லி வைத்தோம். அக்கா காது வைத்திருக்கும்போது பெட்டிக்குள் ஏதாவது சத்தம் கேட்டால், யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவளுக்குக் கேட்கவில்லை என்பது பத்து பேர் நடுவில் வெட்டவெளிச்சமாகிவிடக் கூடாது. முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். அவள் அந்தப் பக்கம் போனதும் கார்ப்பென்டர் திறந்து சரி செய்துவிடுவார். இப்படி மூன்று பெட்டிகளைச் சரி செய்தோம். மூன்றும் உறைக்குள் கிடந்த சின்னச் சாமான்கள். ஒன்றும் தெரியாதவர்கள்போல நிற்பதில் எல்லோரும் தேர்ந்துவிட்டோம். எவ்வளவு நல்லவர்கள் நாங்கள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துகூடப் போனது.

பிறகு அந்தச் செல்லோ வந்தது.

கொண்டுவந்த பெண்ணுக்கு முப்பது வயசுகூட இருக்காது. வெளிநாட்டில் ஓர் இசைக்குழுவில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் மூன்று மாசம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிலைக்குமா என்று சொல்வார்களாம். அவள் முன்னால் போகிறாள், செல்லோ பின்னால் சரக்கு விமானத்தில் வருகிறது, வந்த நாலாம் நாள் வாசிக்க வேண்டும். பஸ்ஸில் அதற்கும் சேர்த்து இரண்டு சீட்டு எடுத்துத்தான் கூட்டிவந்தேன் என்று சிரித்தாள். கூட்டிவந்தேன் என்றுதான் சொன்னாள். போகும்போது அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எனக்கு இது ஒண்ணுதான்க்கா இருக்கு" என்றாள். அக்கா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கவலப்படாம போம்மா" என்றாள்.

மறுநாள் காலை முழுக்க அந்த ஒரு கருவிதான். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று தளர்த்தினாள். அதற்கு மேல் தளர்த்த மாட்டாள். செல்லோவின் வயிற்றுக்குள் மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவில் சுண்டுவிரல் பருமனில் ஒரு குச்சி நிற்கும். கிடங்கில் அதை முட்டுக்குச்சி என்போம். அதற்குப் பசை கிடையாது, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. கம்பியை முழுக்கத் தளர்த்தினால் குச்சி விழுந்துவிடும். குச்சி விழுந்தபின் கம்பி இழுத்துக்கொண்டே இருந்தால், தாங்க ஆளில்லாமல் மேல் பலகை அமுங்கிப் பிளந்துவிடும். அக்கா கம்பிகளைத் தாங்கும் குதிரையின் இரண்டு பக்கமும் பஞ்சுத் துணி வைத்தாள், கழுத்துக்கு அடியில் மெத்தை கொடுத்தாள், தரையில் ஊன்றுகிற இரும்புக் காலைக் கழற்றித் தனியாகச் சுற்றினாள். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை எண்ணிப் போட்டாள். உறையை மூடி, அதை மரப்பெட்டிக்குள் இறக்கச் சொன்னாள். இறக்கும்போது பைலட்டின் கை வழுக்கியது. ஒரு முனை பெட்டியின் அடியில் லேசாகத் தட்டியது. லேசாகத்தான்.

ஃபேன்கள் நின்றன. எல்லோரும் சுற்றி நின்றோம். அக்கா முட்டி போட்டுக் காதை வைத்தாள். இடப்பக்கம் சாய்த்தார்கள்.

டொக்.

வலப்பக்கம் சாய்த்தார்கள். உள்ளே, வயிற்றுக்குள், மரத்தில் மரம் உருண்டு இடிக்கிற சத்தம். டொக், டொக். கார்ப்பென்டருக்கு அது என்னவென்று தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஆனால் முகத்தை அசைக்கவில்லை. ஒருவரும் அசைக்கவில்லை. நாலு மாசப் பயிற்சி. பைலட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா காதை எடுக்காமலே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியாக என்னை வெகு நேரம் பார்த்தாள். பெருமையாகப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"சரி. ஆணி அடி."

லாரி மூன்று மணிக்குத்தான் வரும். முட்டுக்குச்சி கார்ப்பென்டரால் ஆகிற வேலை இல்லை. "மரப்பெட்டியத் திறப்பேன், கருவி மேல கை வைக்க மாட்டேன்" என்று முன்பே சொன்னவர் அவர். அதனால், சுங்கத்தில் திறந்து காட்டச் சொல்கிறார்கள் என்று ஒரு புளுகு புளுகி அக்காவையே திறக்க வைத்துவிடுவது, திறந்தால் அவளாகவே பார்த்துக்கொள்வாள் என்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பேசி முடித்தோம். அவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் முத்திரை வாங்கத் தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆபீசுக்குப் போனேன். அங்கே வரிசை. எங்கே இல்லை வரிசை.

திரும்பி வந்தால் பெட்டி இருந்த இடம் காலி. அக்கா தன் ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"லாரி சீக்கிரம் வந்துடுச்சு. விமானத்த முன்னாடி மாத்திட்டாங்களாம். நானும் டிரைவருமா தள்ளி ஏத்திட்டோம்" என்றாள். "அப்பாடா. அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு."

கார்ப்பென்டரும் பைலட்டும் வாசலில் வந்து நின்றார்கள். விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகு யாருக்குத் தெரியும் குச்சி எங்கே விழுந்தது என்று? விமானத்தில் விழுந்தது என்போம். நான் எழுதிய பதினோரு தாளும் எங்களைக் காப்பாற்றும். பிறகு இரண்டு சீட்டு எடுத்தேன் என்று சிரித்த அந்த முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது. விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் ஐந்து மணி வரை பெட்டியைத் திரும்பக் கேட்கலாம். தாள் என் பெயரில்தான் இருக்கிறது.

அக்காவின் எதிரில் போய் நின்றேன். "அக்கா, சுங்கத்துல திறந்து காட்டச் சொல்றாங்க. நாம போகணும்."

அவள் சாப்பாட்டை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பொய் சொல்ற."

"இல்லக்கா…"

"உன் மூஞ்சி சொல்லுது. சின்ன வயசுலேருந்து பாக்கறேன். என்ன ஆச்சு?"

அப்புறம் என்ன மறைப்பது? சொல்லிவிட்டேன். முட்டுக்குச்சி விழுந்துவிட்டது, சத்தம் கேட்டது என்று.

"யாருக்குக் கேட்டுது?"

"எல்லாருக்கும்."

"உனக்கு?"

"எனக்கும்."

அவள் டப்பாவை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி மூடினாள்.

"அப்புறம் ஏண்டி ஒருத்தர் மூஞ்சியும் மாறல?"

நான் கார்ப்பென்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒரு வருஷமா எனக்கு ஒண்ணும் கேக்கறதில்ல. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் வேலை செஞ்சிட்டு இருக்கேன். எதுக்கு உங்களச் சுத்தி நிக்கச் சொன்னேன்? வேடிக்கை பாக்கவா? உள்ள ஏதாவது அசைஞ்சா பைலட்டுக்குப் புருவம் ஏறும். கார்ப்பென்டர் கீழ பாப்பாரு. உனக்கு உதடு இழுக்கும். அதப் பாத்துத்தான் திறன்னு சொல்லுவேன். நாலு மாசமா ஒருத்தர் மூஞ்சியும் அசையல. பரவால்ல, எல்லாரும் வேலைய ஒழுங்காக் கத்துக்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

கார்ப்பென்டர் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டார். "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்க்கா…"

அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவளுடைய காதுகளாக நாங்கள் இருந்திருக்கிறோம். அது தெரியாமல் நாங்களே அடைத்துவிட்டோம், அன்போடு அடைத்துவிட்டோம்.

அவள் எழுந்து நேராக மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"சார், எனக்குக் காது கேக்காது. ஒரு வருஷம் ஆச்சு. செல்லோ உள்ள குச்சி விழுந்து போயிருக்கு. வண்டி வேணும்."

மேனேஜர் சாவியை எடுத்துப் பைலட்டிடம் எறிந்தார். "மத்தத நாளைக்குப் பேசிக்கலாம். முதல்ல பெட்டி" என்றார். அவர் என்ன சொன்னார் என்று கேட்பதுபோல அக்கா என்னைப் பார்த்தாள். "போகச் சொல்றார்" என்றேன். நாளை என்ற சொல்லை நான் சொல்லவில்லை, ஆனால் அதையும் என் முகத்தில் படித்திருப்பாள்.

சரக்குக் கொட்டகையில் ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். இந்தத் தாள் போதாது, அந்தக் கையெழுத்து வேண்டும், சார் வெளியே போயிருக்கிறார். எனக்கு இருபத்திரண்டு வருஷ எரிச்சலும் ஒன்றாக வந்தது. கத்தினேன். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. நாலேகாலுக்குப் பெட்டியை ஓர் ஓரமாக இழுத்துவந்து போட்டார்கள்.

பைலட் ஆணிகளைப் பிடுங்கினான். அக்கா உறையைத் திறந்து முதலில் மேல் பலகையைக் கையால் தடவினாள். விரிசல் இல்லை. அவள் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். கம்பிகளை ஒவ்வொன்றாக முழுக்கத் தளர்த்தினாள், குதிரையை எடுத்துத் துணியில் சுற்றினாள். செல்லோவை நானும் பைலட்டும் பிடித்துக் கவிழ்க்க, மேல் பலகையில் இருக்கிற துளை வழியாகக் குச்சியை வெளியே உருட்டி எடுத்தாள். இவ்வளவுண்டு குச்சி. அதை ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டினாள். என்னை எழுதச் சொன்னாள்: முட்டுக்குச்சி விழுந்துவிட்டது, ரிப்பேர்காரர் நிறுத்தும்வரை கம்பியை முறுக்க வேண்டாம், தவறு எங்களுடையது.

"கடைசி வரி வேணுமா?" என்று கேட்டேன்.

"எழுது."

மறுபடி மெத்தை, துணி, பொட்டலங்கள். உறை மூடியது. பலகையை வைத்தார்கள். மணி நாலு ஐம்பது. கொட்டகையில் வண்டிகள் ஓடுகின்றன, எங்கோ மணி அடிக்கிறது, யாரும் யாருக்காகவும் ஃபேனை நிறுத்துகிற இடம் இல்லை அது. அக்கா தரையில் முட்டி போட்டாள். காதை வைக்கவில்லை. பெட்டிக்கு அந்தப் பக்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"நீ கேளு" என்றாள்.

நான் உட்கார்ந்தேன். முழங்கால் உயிர்போக வலித்தது. பலகையில் காதை ஒட்டி, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டேன். பைலட்டும் கொட்டகை ஆளும் சாய்த்தார்கள். இடப்பக்கம். வலப்பக்கம். முன்னால், பின்னால். பெட்டிக்கு மேலே அரை அடி தூரத்தில் அக்காவின் கண்கள் என் முகத்திலேயே நின்றன. என் உதடு, என் புருவம். இப்படித்தான் ஒரு வருஷமாக எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாளா, இவ்வளவு பயத்தோடு, தன்னந்தனியாக? எனக்குத் தாங்கவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அக்கா பதறிப்போய்ப் பெட்டியைப் பிடித்தாள். "என்னடி? சத்தம் வருதா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை. சுத்தியலைத் திருப்பி ஆணி பிடுங்குகிற பக்கத்தைப் பலகைக்கு அடியில் கொடுத்தாள்.

"ஒண்ணும் கேக்கலக்கா. சத்தியமா ஒண்ணும் கேக்கல."

"அழுதுகிட்டே சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? அழாத. மூஞ்சியத் தொடச்சிட்டு மறுபடி கேளு."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி காதை வைத்தேன்.